மஞ்சள் முடிச்சும் பதினேழு வெள்ளைக் கைக்குட்டைகளும்

தென்காசி வட்டாரத்து வாகனச் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை முதலில் அறிவித்துவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டுச் சாரல் காலத்தில், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிய பதினேழு டீசல் டாக்ஸிகளில் ஒன்றுகூடப் புகை விடவில்லை. மலை புகைந்தது, அருவி புகைந்தது, எண்ணெய்க் குளியல் முடித்து வந்தவர்களின் பீடி புகைந்தது. கார் புகையவில்லை. இதற்கு அரசாங்க முத்திரை குத்திய பதினேழு சான்றிதழ்களும், அவற்றோடு குண்டூசியால் சேர்த்துக் குத்திய பதினேழு வெள்ளைக் கைக்குட்டைகளும் உங்கள் அலுவலகத்துப் பழைய கோப்பில் இருக்கின்றன. எலி தின்றிருக்காவிட்டால்.

ஐயா, விசாரணை அதிகாரி ஒருவருக்கு எழுதித் தரும் வாக்குமூலத்தை இப்படித் தொடங்கலாமா என்று எனக்குத் தெரியாது. நேற்று என் பட்டறைக்கு வந்தீர்கள். உட்காரச் சொல்லி டயரைக் காட்டினேன்; வேட்டியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டீர்கள். "உள்ளதை உள்ளபடி, உங்கள் பாணியிலேயே எழுதுங்கள். கடைசியில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றீர்கள். என் பாணி இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கையில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினவன் நான். தலைப்பு 'வாய்மை'.

நீங்கள் வந்த காரியம் சின்னதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிரேக் இன்ஸ்பெக்டர் கணபதிசுப்பிரமணியன் சாருடைய பணிப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: 'கையூட்டுப் பெற்றுப் புகைச் சான்று வழங்கினார்.' அவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி ருக்மிணி அம்மாள் அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். வேறு எதையும் கேட்கவில்லை. மனுவோடு ஷார்ஜாவிலிருந்து வந்த கடிதம் ஒன்றையும் இணைத்திருக்கிறார். கடிதம் எழுதியவன் கடையநல்லூர் துல்கர்னைன். பதினேழு கார்களில் ஒன்றை ஓட்டியவன். 'மெக்கானிக் ஆவுடைநாயகம் அண்ணாச்சியைக் கேளுங்கள்' என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கேட்டீர்கள். சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனதில், டாக்ஸிக்காரர்களுக்கு டீசல் மேல் ஒரு பக்தி உண்டாயிற்று. பெட்ரோல் அம்பாசடரில் இருந்த என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்த பழைய டீசல் என்ஜினை உள்ளே இறக்குவார்கள். இறக்குகிறவன் நான். அந்த என்ஜின்களின் பூர்வீகத்தைக் கேட்கக் கூடாது. ஒன்று தூத்துக்குடிப் பக்கம் படகில் இருந்தது. இன்னொன்று தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். காரில் ஏற்றிய பிறகும் அது இறைக்கிற மாதிரியேதான் சத்தம் போட்டது.

இறக்கினால் மட்டும் போதாது. மாற்றிய என்ஜினைச் சர்க்கார் அங்கீகரித்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் தென்காசியில், ரயில் பாதையை ஒட்டிய பொட்டலில் அவருடைய முகாம். வண்டிகள் வரிசையில் நிற்கும். அவர் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு சாக்குக்கட்டி, ஒரு தகரப் பெட்டி சகிதமாக வந்து இறங்குவார்.

தகரப் பெட்டிக்குள்ளே கைக்குட்டைகள். புகையை அளக்கும் கருவி எதையும் சர்க்கார் கொடுக்கவில்லை. 'அதிகப் புகை விடும் வாகனத்துக்குச் சான்று வழங்கலாகாது' என்று உத்தரவு மட்டும் கொடுத்தது. மற்ற ஊர்களில் இன்ஸ்பெக்டர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கணபதிசுப்பிரமணியன் சார் அப்படிப்பட்டவர் இல்லை. தானே ஒரு முறையை வகுத்தார். துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்த வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் கட்டுவார். டிரைவரிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். பிறகு கைக்குட்டையை அவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கறுத்திருந்தால் அடுத்த செவ்வாய் வா. வெளுத்திருந்தால் வண்டி எண்ணையும் தேதியையும் ஓரத்தில் எழுதிக் கோப்பில் குத்திவிடுவார். கைக்குட்டைகள் அவர் வீட்டுச் செலவு. துவைத்தது ருக்மிணி அம்மாள்.

மிதிக்கச் சொல்வதற்கு முன் ஒரு சொற்பொழிவு உண்டு. வாகனம் என்பது என்ன, காற்று என்பது யாருக்குச் சொந்தம், குற்றாலக் காற்றை மூலிகைக் காற்று என்று ஏன் சொல்கிறோம் என்று ஆரம்பித்து, அகத்திய முனிவர் வழியாகச் சுற்றி, சைலன்சருக்கு வந்து சேருவார். டிரைவர்கள் கைகட்டி நிற்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால் அதை முடிக்காமல் அவர் கைக்குட்டையைத் தொட்டதில்லை.

அவரிடம் இன்னொரு முறையும் உண்டு. அதுதான் முக்கியம். முதலில் பானட்டைத் தூக்கி என்ஜின் எண்ணைச் சாக்குக்கட்டியால் தேய்த்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு பானட்டை மூட மாட்டார். திறந்த பானட்டோடுதான் புகைச் சோதனை. ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "நோயாளியோட சட்டையைக் கழட்டாம எந்த வைத்தியன் ஓய் நெஞ்சுல குழாய் வைப்பான்?" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வருடம் மே மாதம் முதல் இரண்டு செவ்வாயிலும் பதினேழு வண்டியும் கறுப்புக் கைக்குட்டையோடு திரும்பின. சாரலுக்கு மூன்று வாரம். சாரல் மூன்று மாதம். எங்கள் ஊர் டாக்ஸிக்காரன் மிச்ச ஒன்பது மாதமும் அந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டு படுத்திருப்பவன். பதினேழு பேரும் என் பட்டறையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் டயரில் உட்காருவார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஏதாவது 'பார்த்துக்' கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். போன செவ்வாய் ஒரு பலாப்பழத்தை நாற்காலி ஓரத்தில் வைத்துப் பார்த்ததாகவும், அது யாருடையது என்று மூன்று தரம் கேட்டுவிட்டு, ரசீது எழுதி, ரயில் நிலையத்துக் காணாமற்போன பொருள்கள் அறையில் ஒப்படைத்துவிட்டார் என்றும் இன்னொருவர் சொன்னார். பழம் அங்கே பழுத்து, ஸ்டேஷன் மாஸ்டரே அதை எடுத்துப் போகும்படி வந்து கெஞ்சினாராம்.

ஆகவே வேறு வழி இல்லை. அவர் வாங்குகிறவராக இருந்திருந்தால் நான் எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு கோணத்தில் பார்த்தால், இதைக் கண்டுபிடித்தது அவருடைய நேர்மை.

கண்டுபிடிப்பு ரொம்ப எளிது. சைக்கிள் பிரேக் வயர் ஒரு முழம். ஒரு முனை பானட்டின் கீல் பக்கம். மறுமுனை ஒரு சின்னக் கொக்கி வழியாக டீசல் பம்பின் கைப்பிடியில். பானட்டைத் தூக்கினால் வயர் இறுகும். வயர் இறுகினால், டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் பம்ப் பத்தியச் சாப்பாடுதான் போடும். என்ஜின் சத்தம் இருக்கும், புகை இருக்காது. பானட்டை மூடினால் வயர் தளரும். பம்ப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அள்ளிப் போடும். வண்டி ஐந்தருவி ஏற்றத்தில் ஏழு பேரோடும் அவர்களுடைய ஈரத்துணியோடும் சிரமமில்லாமல் ஏறும். பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் இருட்டும்.

வயர் பிரச்சினை இல்லை. என்ஜினுக்குள் பத்து வயர் ஓடுகிறது, பதினொன்றாவதை யார் பார்க்கப் போகிறார்கள். கொக்கிதான் பிரச்சினை. அது பளிச்சென்று தெரிந்தது. அதை மூட வேண்டும். மூடியிருப்பதை அவர் திறக்கவும் கூடாது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பண்பொழித் திருமலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். சும்மா சாமி கும்பிடத்தான். அங்கே ஒரு பெண் மஞ்சள் துணியில் காசு வைத்து முடிந்துகொண்டிருந்தாள்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் மஞ்சள் துணியில் காசை முடிந்து வைப்போம். காரியம் நடந்த பிறகு மலையேறிப் போய்ச் சாமி முன்னால்தான் அதை அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் வேண்டிக்கொண்டவருக்கு ஆகாது என்று நம்பிக்கை. அடுத்தவர் முடிச்சைத் தொடுகிற துணிச்சல் எங்கள் பக்கம் திருடனுக்கும் கிடையாது. கணபதிசுப்பிரமணியன் சார் செவ்வாய்க்கிழமை விரதக்காரர். திருமலைக் குமாரசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் முகாமுக்கே வருவார்.

பதினாறு கொக்கிகளுக்கு மஞ்சள் முடிச்சுப் போட்டேன். பதினேழாவது துல்கர்னைனுடையது.

"எனக்கும் மஞ்சத் துணியா அண்ணாச்சி? எங்க வாப்பா பாத்தா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

"ஒமக்குப் பச்சைத் துணி. பள்ளிவாசல் நேர்ச்சைன்னு சொல்லிக்கிடும்."

"ரெண்டு சாமியையும் ஒரே நாள்ல ஏமாத்துதீயளே அண்ணாச்சி. ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

"சாமிய எங்கவே ஏமாத்துதோம். இன்ஸ்பெக்டரத்தான ஏமாத்துதோம்" என்றேன். நியாயமான பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளே காசு வைத்துத்தான் முடிந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்.

அந்தச் செவ்வாய் முதல் வண்டியின் பானட்டைத் தூக்கியதும் அவர் கை நின்றது. "என்ன ஓய் இது?"

"திருமலைக்கு நேர்ந்தது சார். சாரல் நல்லபடியா முடிஞ்சா ஏறிப்போயி அவுக்கணும்."

சாக்குக்கட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையால் முடிச்சைத் தொடாமல் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொற்பொழிவு. பிறகு கைக்குட்டை. ஒரு நிமிடம் கழித்து அதை வெயிலில் பிடித்தார். கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகலாம், அப்படி இருந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். ஐயா, அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. "பாத்தீரா, மனுஷன் மனசு வெச்சா முடியறது" என்று என் தோளைத் தட்டினார். பத்தாவது வண்டிக்கு வரும்போது சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் அவரே இட்டுவிட்டார். பச்சை முடிச்சுக்கு மட்டும் இடவில்லை. அதற்கு லேசாகத் தலை வணங்கினார்.

அந்தச் சாரலில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, ஒரு பெரியவரைத் தவிர. சென்னையிலிருந்து வந்தவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மெயினருவியில் குளித்து, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டோடு குதிரை வண்டியில் ஏறித் தென்காசி ரயிலுக்குக் கிளம்பினார். முன்னால் துல்கர்னைன் வண்டி. சாலை குறுகல், சாரல் கூட்டம் வேறு; காரும் குதிரை வேகத்தில்தான் ஊர்ந்தது. மூன்று மைலும் குதிரை வண்டி பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. ஸ்டேஷனில் அவரை இறக்கிவிட்ட வண்டிக்காரன், ஏற்றியது இவரைத்தானா என்று சந்தேகப்பட்டுக் கூலி கேட்கத் தயங்கினானாம். குதிரை இரண்டு நாள் தும்மிற்று. பெரியவர் ரயிலில் உட்கார்ந்தபடியே, யாருக்கு எழுத வேண்டுமோ அவருக்கு எழுதிவிட்டார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சாலையில் பதினேழு வண்டியையும் மறித்துப் பார்த்தார். பதினேழும் கறுப்பு. கோப்பைப் புரட்டினார். பதினேழும் வெள்ளை. இந்த இரண்டுக்கும் நடுவே அறிவுள்ள மனிதன் யாரும் ஒரு காரணத்தைத்தான் கற்பனை செய்வான். அவரைக் குறை சொல்ல முடியாது.

பொட்டலில் வைத்து, உமது முறையைச் செய்து காட்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். நானும் டிரைவர்களும் சுற்றி நின்றோம். கணபதிசுப்பிரமணியன் சார் சொற்பொழிவைக்கூட விடவில்லை. அகத்தியர் வரைக்கும் போனார். பானட்டைத் தூக்கினார், கைக்குட்டை கட்டினார், அவிழ்த்தார். வெள்ளை. நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்குக் குழப்பம். சாலையில் இதே வண்டியைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். குனிந்து என்ஜினைப் பார்த்தார். எங்கேயோ ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கை மெல்ல மஞ்சள் முடிச்சுக்குப் போயிற்று. இரண்டு விரல் அதைப் பிடித்தும்விட்டது.

துல்கர்னைன் தரையைப் பார்த்தான்.

"சார், அதை விட்டுடுங்கோ" என்றார் கணபதிசுப்பிரமணியன் சார். "அது வேண்டுதல் முடிச்சு. என் ஒருத்தன் மானத்துக்காக இன்னொருத்தன் வேண்டுதலை அவுக்கப்படாது."

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார்.

ஐயா, இந்த இடத்தை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். முடிச்சை அவிழ்க்க விடாமல் தடுத்தது நானில்லை.

ஆனாலும் விஷயம் அந்தரத்தில் நின்றது. அந்த அதிகாரி கெட்டிக்காரர். வெள்ளைக் கைக்குட்டையைக் கண்ணெதிரே பார்த்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பொய் சொல்லவில்லை என்றால் வண்டி பொய் சொல்கிறது என்று அவருக்கு அன்றைக்கே தோன்றியிருக்கும். ஓர் இரவு தூங்கி எழுந்தால் முடிச்சுக்குத் திரும்பி வந்துவிடுவார். சாரல் இன்னும் பாதி பாக்கி இருந்தது. பதினேழு பெர்மிட்டும் போகும், என் பட்டறையும் போகும். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் கொடுத்துதான் ஆக வேண்டும்.

அன்று மாலை பயணியர் விடுதிக்குப் போய்த் தனியே அவரைப் பார்த்தேன். சொன்னேன்: சோதனைக்கு முந்தின நாள் பம்ப் திருகைக் குறைத்து வை, சான்று கிடைத்த பிறகு கூட்டிக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததே இன்ஸ்பெக்டர்தான். இன்று காலைகூட அவர் ஆள் அனுப்பித்தான் குறைத்தேன். வண்டிக்கு ஒரு கவர்; கொடுக்காவிட்டால் சான்று இல்லை என்றார், டிரைவர்கள் பாவம். நான் கண்ணால் பார்த்தேன். என் பெயர் வெளியே வரக் கூடாது.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் பொருந்திவிட்டது அல்லவா. அவரே எழுதினார், காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவருடையதுதான். உங்கள் கோப்பில் 'பெயர் வெளியிட விரும்பாத சாட்சி' என்று இருப்பது நான். கட்டுரைக்குப் பரிசு வாங்கின அதே கையெழுத்து, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் துல்கர்னைன் வந்தான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. பச்சைத் துணியை மேசை மேல் வைத்தான், முடிச்சு அவிழாமல். "நீங்க ஏமாத்துனது ரெண்டு சாமின்னு நெனச்சேன் அண்ணாச்சி. மூணு போல இருக்கே" என்றான். ஆறு மாதத்தில் காரை விற்றுவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். அங்கே ஈச்சமரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்று கேள்வி. பாவம், நல்ல டிரைவர்.

எண்பத்தைந்தில் நீக்க உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு கணபதிசுப்பிரமணியன் சார் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். தினமும் காலையில் குற்றாலம் சாலைத் திருப்பத்தில், குடையும் கையுமாக நிற்பார். எங்கள் வண்டிகள் போகும்போது கைக்குட்டையை விரித்துப் பிடிப்பார். கறுத்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறொன்றை எடுப்பார். டிரைவர்களில் சிலர் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் வரும்போது ஒரு மிதி மிதிப்பார்கள். நான் அவர்களைக் கண்டித்திருக்கிறேன்.

ஒருநாள் பட்டறைக்கு வந்தார். அவர் டயரில் உட்கார்ந்தார்.

"ஓய் ஆவுடைநாயகம், ஊரே என்னைத் திருடன்ங்கறது. நீர் ஒருத்தர்தான் இன்னும் சார்னு கூப்பிடறீர். ஒண்ணு மட்டும் சொல்லும். நான் எங்க ஓய் தப்புப் பண்ணினேன்? ரோட்டுல கறுப்பா வரது, என் கையில மட்டும் எப்படி வெள்ளையா வந்தது?"

ஒரு மனிதர் இவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்கும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. "காத்துதான் சார்" என்றேன். "சாரல் நெருங்கினாலே காத்துல ஈரம் ஏறிருதுல்லா. நிக்கித வண்டிப் புகை ஈரத்துல கனத்துக் கீழ எறங்கிரும், துணியில ஒட்டாது. ஓடுத வண்டியில ஒட்டும்."

அவர் முகம் எப்படித் தெளிந்தது என்று உங்களுக்கு எழுத்தில் காட்ட முடியவில்லை. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கை. விடவே இல்லை. அடுத்த வாரமே 'குற்றாலச் சாரலின் ஈரப்பதமும் டீசல் புகையின் போக்கும்' என்று பன்னிரண்டு பக்கத்தில் மேல்முறையீடு எழுதி அனுப்பினார். அகத்தியர் அதில் மூன்று இடத்தில் வருகிறார். அனுப்பும் முன் என்னிடம் வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் நான் திருத்தம் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தை மேலிடத்தில் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள் என்றும், சிற்றெறும்பு மாதிரி சிறிய கையெழுத்தில் ஒருவர் 'மனநிலை குறித்து ஐயம் எழுகிறது' என்று ஓரத்தில் குறித்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மேல்முறையீடு தள்ளுபடி. எண்பத்தாறு ஐப்பசியில், திருப்பத்தில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கையில் கைக்குட்டை இருந்தது. அதை எடுத்து மடித்தவன் நான்.

என் மேல் பழி ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவரை நான் ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அவர் காரியத்துக்கு நாற்காலி, பந்தல் எல்லாம் என் ஏற்பாடு. டாக்ஸிகள் பதினேழும் வந்தன, இலவசமாக.

நேற்று நீங்கள் போன பிறகு ருக்மிணி அம்மாளைப் பார்க்கப் போனேன். எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். எதை எழுதப் போகிறேன் என்பதையும் சொன்னேன், கொஞ்சம் சுருக்கி. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்கோ. இத்தனை நாள் கழிச்சாவது சொல்ல வந்தேளே" என்றார். காபி கொடுத்தார். அலமாரியைத் திறந்து காட்டினார். ஒரு தட்டில் சாலையில் பிடித்த கறுப்புக் கைக்குட்டைகள், ஒவ்வொன்றிலும் தேதி. கீழ்த் தட்டில் வெள்ளை. இன்னும் துவைத்து நீலம் போட்டுத்தான் வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்கவில்லை.

"அந்த ஒரு வரி போயிடுமோன்னோ?" என்று கேட்டார்.

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா போயிரும்மா."

எனக்கு வியர்த்தது. காபி சூடு. அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைக்குட்டை கரி. பட்டறைக்காரன் முகம், இருக்கத்தான் செய்யும்.

எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது, ஐயா. நாலு வருடமாக நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் உடம்புக்கு இவ்வளவு நல்லது என்று தெரிந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். துல்கர்னைன் கடிதத்தை நம்பி வண்டிகளில் முடிச்சைத் தேடி ஏமாந்ததாகச் சொன்னீர்கள். முடிச்செல்லாம் போன வருடமே எடுத்தாயிற்று. புகைக்கு மீட்டர் வரப் போகிறது என்றார்கள், அதற்கேற்ற வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் காகிதத்தைத் தவிர உங்களிடம் வேறு ருசு இல்லை என்பது எனக்குத் தெரியும். கையெழுத்து இல்லாவிட்டால் இது வெறும் கட்டுரை என்று நீங்களும் சொன்னீர்கள். இப்போது வண்டிகள் இருபத்து மூன்று. எல்லாம் வருகிற செவ்வாய்க்கிழமை எஃப்.சி. சோதனைக்கு நிற்கின்றன. மேற்கே மலையில் இன்று காலையே மேகம் இறங்கிவிட்டது.

கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கென்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தீர்கள். அதை ரப்பரால் அழித்துவிட்டேன்.